வீட்டருகே பார்சல் மட்டும் தரும் சின்ன மெக்சிகன் கடை ஒன்று இருக்கிறது. குடும்பமாக நடத்துகிறார்கள், உள்ளே குச்சி ஐஸ் பெட்டியும் உண்டு. மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் முதல் தடவை என்ன வாங்கலாம்? (அமெரிக்கா)

கோழி டாக்கோ (மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடித்தது) நாலு, மாம்பழ மிளகாய் ஐஸ் ஒன்று, பால் ஐஸ் ஒன்று. முதல் தடவைக்கு இது போதும். ஆனால் இந்தக் கடைகளில் பன்றி கறியாக மட்டும் வருவதில்லை, கொழுப்பாகவும் வரும். மெனுவில் அது எழுதியிருக்காது.

பன்றிக் கொழுப்புக்கு ஸ்பானிஷில் அவர்கள் சொல்லும் பெயர் மந்தேகா. மசித்து வறுத்த பீன்ஸில் பெரும்பாலும் இருக்கும். டாக்கோவுக்கான ரொட்டியான டார்ட்டியா கோதுமையில் செய்ததென்றால் அதிலும் இருக்கலாம். மக்காச்சோள டார்ட்டியாவில் மக்காச்சோள மாவும் தண்ணீரும்தான், அதனால் டாக்கோவை மக்காச்சோளத்தில் கேளுங்கள். தமாலில் (மக்காச்சோள மாவில் பூரணம் வைத்து அவித்தது) உள்ளே வெறும் சீஸும் மிளகாயும்தான் என்று பலர் ஏமாறுகிறார்கள்; கொழுப்பு பூரணத்தில் இல்லை, மாவைப் பிசையும்போதே சேர்ந்துவிடுகிறது. "யேவா மந்தேகா?" என்று கேட்டால் 'அது போட்டதா' என்று அர்த்தம். தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த பொறி பீர்ரியா. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் அது ஆட்டுக்கறிக் குழம்பு, அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் மாடு. 'தே சீவோ' என்றால் ஆடு, 'தே ரெஸ்' என்றால் மாடு. மெனுவில் அசாதா, லெங்குவா, பார்பகோவா என்று வரும் கறிகள் மூன்றும் இங்கே அநேகமாக மாடுதான். அல் பாஸ்தோரும் கார்னித்தாஸும் பன்றி. கோழியில் போயோ அசாதோ (சுட்ட கோழி) பாதுகாப்பு. தீங்கா என்ற கோழிக் கறியில் சில வீடுகளில் சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சியும் சேர்ப்பார்கள். எல்லாக் கறியும் ஒரே தோசைக்கல்லில் வாட்டுவதுதான் வழக்கம். அது ஆகாது என்றால் இந்தக் கடை உங்களுக்குச் சரிப்படாது.

டாக்கோ பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆவியில் டார்ட்டியா நமத்துக் கிழிந்துவிடும். காரிலேயே சாப்பிடுங்கள். வீட்டுக்குத்தான் என்றால் "தோதோ அபார்தே" என்று சொல்லுங்கள்: கறி, வெங்காயம், கொத்தமல்லி, சல்சா எல்லாம் தனித்தனியாகக் கட்டித் தருவார்கள். டார்ட்டியாவை வீட்டில் கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

இனி ஐஸ். குச்சி ஐஸுக்கு அவர்கள் பெயர் பலேத்தா; பாலோ என்றால் குச்சி, அதிலிருந்து வந்தது. அகுவா என்பது தண்ணீரில் செய்தது, லெச்சே என்பது பாலில் செய்தது. மிச்சோகான் மாநிலத்தின் தொகும்போ ஊர்க்காரர்கள் மெக்சிகோ முழுக்கக் கொண்டுபோன தொழில் இது. அந்த ஊர் நுழைவாயிலிலேயே பெரிய பலேத்தா சிலை வைத்திருக்கிறார்கள். 'லா மிச்சோகானா' என்ற பலகையைப் பல ஊர்களில் பார்ப்பீர்கள். எல்லாம் ஒரே நிறுவனம் இல்லை, தனித்தனிக் குடும்பங்கள். பலகையை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது, ஐஸைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் காகித உறைக்குள் பாருங்கள். பழத்துண்டு வெளியே தெரிய வேண்டும். உறையின் உட்புறம் பொடிப்பனி அப்பியிருந்தால் அது ஒருமுறை இளகி மறுபடி உறைந்த சரக்காக இருக்கலாம். கடித்தால் கண்ணாடித் தூள் மாதிரி நறநறக்கும். இன்னொரு சோதனை நாம் பள்ளிக்கூட வாசலிலேயே படித்ததுதான்: உறிஞ்சியதும் நிறமெல்லாம் வாய்க்குப் போய் வெள்ளைப் பனி மட்டும் குச்சியில் நின்றால், அதில் அநேகமாகப் பழம் இல்லை, சாயமும் சர்க்கரையும்தான். நல்ல பலேத்தா கடைசி வரை ஒரே நிறம்.

மாங்கோ கோன் சீலே நமக்கு அறிமுகம் தேவைப்படாத சுவை. மாங்காயில் மிளகாய்த்தூள் உப்புப் போட்டுத் தின்றவர்களுக்கு அது பழுத்த மாம்பழத்தில் கிடைக்கிறது. புளியில் செய்த தமரிந்தோவும் அப்படியே. ஹமாய்க்கா என்பது புளிச்சக்கீரை இனத்துச் செம்பூவின் புல்லிதழ்ச் சாறு. பாலில் அரோஸ் கோன் லெச்சே எடுங்கள்: பட்டை போட்ட பால்சோறு உறைந்தது, நம் சேமியா ஐஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரொம்போப்பே என்று எழுதியிருந்தால் அது முட்டையும் மதுவும் சேர்ந்த பானத்தின் பெயர், குழந்தைகளுக்கு வாங்குமுன் விசாரியுங்கள். பால் வகைகளில் பதத்துக்காகச் சிலர் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. அது பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து வருவது. அவர்கள் சொல் கிரெனெத்தினா. உங்களுக்கு இந்தக் கேள்வி மந்தேகாவைவிட முக்கியம், ஏனென்றால் ஐஸில் யாரும் கறியைத் தேடுவதில்லை.

மாங்கோனாதா என்பது கோப்பையில் வருவது. மாம்பழ ஐஸ், மாம்பழத்துண்டு, உப்பில் ஊறிய பழமும் மிளகாயும் சேர்ந்த சமோய்க் குழம்பு, மேலே மிளகாய்-எலுமிச்சைப் பொடி. அதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அடுக்கெல்லாம் கலங்கிப்போகும். சமோயில் உப்பு தூக்கலாக இருக்கும், முதல் தடவை "போக்கோ சமோய்" என்று குறைத்துக் கேட்பது நல்லது.

பலேத்தாவைக் கொண்டுபோவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐஸ்கட்டி நிரப்பிய தெர்மகோல் பெட்டியில் வைத்தும் வீட்டில் வெறும் குச்சிதான் மிஞ்சும். உருகும் ஐஸ்கட்டி 0 டிகிரி. சர்க்கரை சேர்ந்த பலேத்தா அதற்குக் கீழேயே இளக ஆரம்பிக்கும். அதாவது நீங்கள் போட்ட ஐஸ்கட்டிதான் அதைச் சூடாக்குகிறது! ஐஸ்கட்டியை நொறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு கல்லுப்பு கலந்தால் -15 டிகிரிக்கும் கீழே இறங்கும். நியேவே தே கர்ராஃபா என்று மரவாளிக்குள் உலோகக் குடத்தைக் கையால் சுழற்றி ஐஸ் செய்வதும் இதே கணக்கில்தான். பலேத்தாக்களை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நடுவில் வையுங்கள், உப்புத்தண்ணீர் உள்ளே போனால் எல்லாம் பாழ். டாக்கோ கைக்கு வந்த பிறகு கடைசியாக ஐஸை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அப்படியும் இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள், வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறைந்து பெரிய பெரிய பனிப்படிகமாகிவிடும். பால் வகை என்றால் குச்சியை உருவிவிட்டு மிக்சியில் கொஞ்சம் பாலோடு ஒரு சுற்று, மில்க் ஷேக். சில்லறைப் பணமும் எடுத்துப் போங்கள், இப்படிப்பட்ட சில கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள்.