மூணாம் நாளே நடக்கச் சொல்கிறார்களே!

கேள்வி: திருவனந்தபுரத்தில் அப்பாவுக்கு (68 வயது) பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் நர்ஸ் எழுப்பி நடக்கச் சொல்கிறார். நெஞ்சுத் தையல் பிரிந்துவிடாதா?
- வாசகி, புளியரை

பதில்: "நடக்காம் அச்சா" என்றிருப்பாரே? மலையாளத்தில் அதற்கு 'நடக்கலாம், அப்பா' என்று பொருள். நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தபோது செங்கோட்டைக்காரர் ஒருவர், 'நடக்காம' இருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து நிம்மதியாக இழுத்துப் போர்த்திக்கொண்டார்!

உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் ஆபரேஷனுக்காக அறுத்த நெஞ்செலும்பை ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மெதுவாக நடப்பதால் அது பிரியாது. கையை ஊன்றி எழுவதும் பளு தூக்குவதும்தான் கூடாது. எலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும்.

படுத்தே கிடந்தால்தான் வம்பு. நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி கட்டும், காலில் ரத்தம் உறையலாம், தொடைச் சதையும் சீக்கிரம் வற்றும். அதனால்தான் முதலில் நாற்காலி, பிறகு பாத்ரூம் வரை, அப்புறம் வராந்தா என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் நடந்தால் சுலபம். நடக்கும்போதே பேச முடிகிறது என்றால் வேகம் சரி. தலைசுற்றல், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் உடனே உட்காரவைத்து நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "பாவம், படுங்க மச்சான்" என்பார்கள். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, அவர்களையே வராந்தாவில் துணைக்கு நடக்கவிடுங்கள்.