கேள்வி–பதில்: கெர்னல் கைவிடும் கட்டளைகள்

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலிருந்து இன்டெலின் பழைய 386 பிராசசருக்கான ஆதரவை எப்போதோ எடுத்துவிட்டார்கள். 486-ஐயும் எடுத்துவிடலாம் என்று 2025-இல் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டதாகப் படித்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல் வரிகளை ஏன் அழிக்க வேண்டும்? ஒரு மூலையில் கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்?
— வாசகர், திருச்சி

பதில்: மூலையில் கிடந்தால் நட்டமில்லைதான். ஆனால் பிராசசர் கட்டளைகளைச் சார்ந்த வரிகள் கெர்னலின் மூலையில் இல்லை, நடுக்கூடத்தில் கிடக்கின்றன.

1985-இல் வெளிவந்த 386-இல் இல்லாத சில கட்டளைகள் 1989-இல் வந்த 486-இல் சேர்ந்தன. அவற்றுள் முக்கியமானது கம்பேர்-எக்ஸ்சேஞ்ச். நினைவகத்தில் இருக்கும் மதிப்பு நாம் எதிர்பார்த்ததுதானா என்று ஒப்பிட்டு, ஆம் என்றால் மட்டும் புதிய மதிப்பை எழுதும் வேலையை அது ஒரே கட்டளையில் முடித்துவிடும். ஒரே தரவைப் பல வேலைகள் தொடும்போது குழப்பம் நேராமல் காக்கும் கெர்னல் வரிகள் பல இதை நம்பியே எழுதப்படுகின்றன. 386-க்காக மட்டும், இன்டரப்ட்டுகளை (வேலையின் நடுவே பிராசசரை இடைமறிக்கும் அழைப்புகளை) நிறுத்திவைத்து, அதே வேலையைப் பல கட்டளைகளால் செய்து, பிறகு இன்டரப்ட்டுகளைத் திறந்துவிடும் தனி வழி ஒன்றை வைத்திருக்க வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை நினைவகப் பாதுகாப்பில் இருந்தது. ‘இங்கே எழுதக் கூடாது’ என்று குறிக்கப்பட்ட பக்கத்தில் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டில்) கெர்னலே எழுத முற்பட்டால் 386 அதைத் தடுக்காது; தடுக்கும் வசதி 486-இல்தான் வந்தது. இரண்டு நிரல்கள் ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு, அவற்றில் ஒன்று எழுதும்போது மட்டும் அதற்குத் தனி நகல் எடுத்துத் தரும் முறைக்கு இந்தத் தடுப்பு இன்றியமையாதது. அது இல்லாத பிராசசரில், பயனர் நிரலின் நினைவகத்துக்குள் எதையாவது எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தின் நிலையைக் கெர்னல் தானே முன்கூட்டிச் சோதிக்க வேண்டியிருந்தது.

கெர்னல் நிரலாளர் இன்கோ மோல்னார் 2012 டிசம்பரில் இந்த வரிகளை நீக்கினார். 2013-இல் வெளியான 3.8 பதிப்பிலிருந்து 386-க்கு இடமில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்சை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில்தான் என்றாலும், தமக்கு அதில் உணர்ச்சிப் பிணைப்பு இல்லை என்று எழுதி நீக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

‘நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வரிகள்’ என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சோதித்துப் பார்க்க எவரிடமும் இயந்திரம் இல்லாத வரிகள் ஓடுகின்றனவா என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்து வரியைத் திருத்துகிற ஒவ்வொருவரும் அவற்றைப் படித்து, புரிந்துகொண்டு, உடைக்காமல் விலகிப் போக வேண்டும். 2025 ஏப்ரலில் மோல்னார் முன்வைத்த திட்டத்தின் வாதமும் இதுவே. கடிகாரத் துடிப்புகளை எண்ணும் நேர எண்ணியும், எட்டு பைட்டுகளை ஒரேயடியாக ஒப்பிட்டு மாற்றும் கம்பேர்-எக்ஸ்சேஞ்சும் இல்லாத 486 போன்ற பிராசசர்களை அது விலக்குகிறது. தசம எண் கணக்குக்குத் தனிச் சுற்று இல்லாத 486எஸ்எக்ஸ் போன்றவற்றுக்காக, அந்தக் கணக்கை மென்பொருளால் செய்து காட்டும் பெரிய பகுதியும் அதோடு போகும்.

கேள்வி: பிராசசர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் 3டிநவ் கட்டளைகளை (முப்பரிமாணப் படக் கணக்குகளை வேகப்படுத்துபவை) கெர்னல் கைவிட்டதால், அவற்றைப் பயன்படுத்தும் என் பழைய விளையாட்டு நின்றுவிடுமா?
— வாசகர், சேலம்

பதில்: நிற்காது. உங்கள் நிரலின் கட்டளைகளைக் கெர்னல் படித்துப் பெயர்ப்பதில்லை. பிராசசரே நேரடியாக நிறைவேற்றுகிறது. ஒரு நிரலை நிறுத்தி இன்னொன்றை ஓட்டும்போது, பிராசசருக்குள்ளேயே மதிப்புகளை வைக்கும் சிறு இடங்களான ரெஜிஸ்டர்களைப் பத்திரமாக எடுத்துவைத்துத் திருப்பித் தருவதே இங்கே கெர்னலின் கடமை. 3டிநவ் தனக்கென்று புதிய ரெஜிஸ்டர் எதையும் கேட்காமல் எம்எம்எக்ஸ் என்ற முந்தைய கட்டளைத் தொகுதியின் ரெஜிஸ்டர்களையே பயன்படுத்துவதால், அந்தக் கடமை எப்படியும் நிறைவேறிவிடுகிறது. 2022-இல் வந்த 5.17 பதிப்பில் நீக்கப்பட்டது, நினைவகத்தை நகலெடுக்கக் கெர்னல் தன் சொந்த வேலைக்கு அக்கட்டளைகளைப் பயன்படுத்திய பகுதி மட்டுமே. 1998-இல் கே6-2 பிராசசருடன் வந்த இக்கட்டளைகளைக் கைவிடுவதாக ஏஎம்டியே 2010-இல் அறிவித்தது; அதன் புதிய பிராசசர்களில் விளையாட்டு நின்றால் அதற்குக் கெர்னல் பொறுப்பல்ல.

கேள்வி: புதிதாக வந்த கட்டளைகளையும் நீக்கியதுண்டா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: உண்டு. இன்டெலின் எம்பிஎக்ஸ் அப்படிப்பட்டது. நிரல் தனக்கு ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்டி நினைவகத்தைத் தொடுகிறதா என்று பிராசசரே சோதிக்கும் ஏற்பாடு அது. எல்லைகளை வைக்க நான்கு ரெஜிஸ்டர்களே இருந்ததால், மீதியை நினைவகத்தில் பெரிய அட்டவணைகளாக வைக்க வேண்டியிருந்தது; அந்த அட்டவணைகளைப் பராமரிக்கும் பொறுப்பு கெர்னலின் தலையில் விழுந்தது. வேகம் குறைந்தது, பயன்படுத்துவோரும் அரிதாயினர். நிரல்களைப் பிராசசர் கட்டளைகளாகத் தொகுக்கும் ஜிசிசி கம்பைலர் 2019-இல் அதைக் கைவிட்டது, 2020-இல் 5.6 பதிப்பில் கெர்னலும் கைவிட்டது. ஒன்றை மட்டும் இன்டெல் முன்யோசனையோடு செய்திருந்தது: எம்பிஎக்ஸ் இயக்கப்படாத நிலையில் அக்கட்டளைகள் எதுவும் செய்யாமல் கடந்துவிடும். ஆகவே, அவற்றோடு தொகுக்கப்பட்ட நிரல்கள் உடையவில்லை. சோதனை மட்டும் நடக்காது.

கேள்வி: ஒரேயடியாக வெட்டாமல், மெல்ல விலக்கும் வழி இல்லையா?
— வாசகர், ஈரோடு

பதில்: கைபேசிகளில் பரவலாக உள்ள ஆர்ம் பிராசசர்களில் இருக்கிறது. ரெஜிஸ்டரையும் நினைவகத்தையும் இடம் மாற்றும் பழைய ஸ்வாப் கட்டளை, பல கோர்கள் கொண்ட பிராசசர்களுக்குப் பொருந்தாது என்று ஆர்ம் ஆறாம் தலைமுறையில் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. 64 பிட் ஆர்ம் கெர்னலில், 32 பிட் நிரல் ஒன்று அத்தகைய கட்டளையைக் கொடுத்தால் பிராசசர் அதைக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. நிரலை அங்கேயே நிறுத்துவதா, அதே விளைவைக் கெர்னலே உண்டாக்கி ஓட விடுவதா என்பதைக் கணினியின் நிர்வாகி அமைத்துக்கொள்ளலாம். ஓட விட்டால், இன்ன நிரல் பழைய கட்டளையைப் பயன்படுத்துகிறது என்ற எச்சரிக்கை பதிவேட்டில் ஏறும். நிர்வாகி எதையும் அமைக்காவிட்டால், கைவிடத்தக்கவை என்று மட்டும் அறிவிக்கப்பட்ட கட்டளைகளைக் கெர்னல் ஓட விடும். பின்னர் முற்றிலும் வழக்கொழிந்துவிட்ட ஸ்வாப்பை மறுத்துவிடும்.