மதர்போர்டு போய்விட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

கம்ப்யூட்டர் சந்தேகங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2019-ல் வாங்கிய டெஸ்க்டாப். இன்ஜினீயரிங் படிக்கும் மகன் பயன்படுத்துகிறான். சில மாதங்களாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை எதுவும் வருவதில்லை. கேம் ஆடும்போதும், சாயங்கால வேளையிலும்தான் அதிகம். சர்வீஸ்காரர் இரண்டு தடவை ஃபார்மட் செய்தார். இப்போது ‘மதர்போர்டு போயிடுச்சு, ஏழாயிரம் ஆகும்’ என்கிறார். மாற்றிவிடலாமா சார்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம் மேடம். அந்த ஏழாயிரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கோளாறு வந்தால் விண்டோஸ் காட்டும் நீலத் திரை வரவில்லை, பட்டென்று அணைகிறது என்றால் விண்டோஸுக்கு மூச்சுவிடக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு எத்தனை தடவை ஃபார்மட் அடித்தாலும் பலன் இருக்காது. சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல் விழவேண்டும், அடுத்து சூட்டின் மேல். மதர்போர்டு கடைசி.

விண்டோஸின் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு சிவப்பு வரி இருக்கும். அதைக் காட்டி, ‘பாருங்க, பவர்னு போட்டிருக்கு’ என்பார்கள். அந்த வரிக்கு, போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. நீங்கள் பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41-தான் வரும். அதைத் திறந்து ‘டீடெயில்ஸ்’ பக்கத்தில் ‘பக்செக்கோட்’ என்ற இடத்தைப் பாருங்கள். பூஜ்யம் என்று இருந்தால், நீலத் திரை அளவுக்குக்கூடப் போகாமல் நின்றிருக்கிறது. பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் கதை வேறு, அதற்கான பதில் கீழே அடுத்த கேள்வியில் இருக்கிறது.

சாயங்காலம் அதிகம் என்கிறீர்களே, அதனால் யூபிஎஸ்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். தெருவே ஏசியும் மோட்டாரும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், லைட் எரியும், வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் வோல்டேஜ் தன் எல்லைக்குக் கீழே போனதும் யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவிவிடும். பேட்டரி செத்திருந்தால் அந்த நொடியே கம்ப்யூட்டர் அணையும். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருடம் தாங்கினாலே பெரிய விஷயம். போதாக்குறைக்கு, 600 வி.ஏ. யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைக்கும்தான் சுமக்கும். மகன் கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டும் மானிட்டரும் சேர்ந்து அதை நெருங்கலாம். ஆகவே ஒரு வாரம் யூபிஎஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஓட்டுங்கள். செலவே இல்லாத சோதனை. அணைவது நின்றுவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

நிற்கவில்லையா? அப்போது சூடா, எஸ்.எம்.பி.எஸ்ஸா (கேபினெட்டுக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) என்று பிரிக்கவேண்டும். சூடு பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லும். ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஃபேன் கத்தும், கேம் திக்கும். அதற்கப்புறம்தான் அணையும். எஸ்.எம்.பி.எஸ். சொல்லாமல் கொள்ளாமல் போகும். அணைந்த பிறகு பவர் பட்டனை அமுக்கினால் உயிரே வராமல், பிளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால்தான் வருகிறது என்றால், அது எஸ்.எம்.பி.எஸ். தன்னைப் பாதுகாத்துக்கொள்ளப் போட்ட பூட்டாக இருக்கலாம். இதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள்: மணி என்ன, என்ன ஓடிக்கொண்டிருந்தது, உடனே ஆன் ஆனதா இல்லையா.

சூட்டுக்கு, ‘ஹெச்டபிள்யூஇன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு கேம் ஆடச் சொல்லிப் பாருங்கள். ஏறிய வேகத்தில் 95, 100 என்று போனால், பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து ப்ராசஸர் ஃபேனைப் பாருங்கள். இன்டெல்லோடு வரும் வட்டமான கூலருக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கால் உண்டு. போர்டு ஓட்டைக்குள் அமுக்கி ‘டக்’ என்று உட்காரவைக்கவேண்டிய கால்கள் அவை. சுத்தம் செய்கிறேன் என்று கழற்றி மாட்டியவர் ஒன்றைச் சரியாக அமுக்காமல் விட்டிருப்பார். மூன்று காலில் நிற்கும் கூலர் பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். விரலால் மெல்ல அசைத்தால் ஒரு பக்கம் ஆடும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, எதிரெதிர் மூலையாக அமுக்கி மாட்டினாலே டிகிரி சரசரவென்று இறங்கும். என் சர்வீஸ் மேஜைக்கு ‘மதர்போர்டு காலி’ என்று சீட்டு ஒட்டி வந்த கேஸ்கள் பல இந்த ஒரு காலோடு முடிந்திருக்கின்றன.

சூடும் சரி என்றால் எஸ்.எம்.பி.எஸ். அதன் ஸ்டிக்கரில் பெரிதாக ‘450 வாட்’ என்று இருக்கும். அதை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது அந்த வரியில்தான். 14 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஆல் பெருக்கினால் 168 வாட். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டிகளின் லட்சணம் இதுதான். மல்டிமீட்டர் இருந்தால், நான்கு பின் கனெக்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் நடுவே கேம் ஓடும்போது அளக்கலாம். 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்கவேண்டும். கேம் தொடங்கியதும் 11.4-க்குக் கீழே விழுந்தால் திருடன் பிடிபட்டான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். செத்துப்போன பல்லியைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் சர்வீஸ்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லி நிஜமாகவே இருக்கும்.

இதெல்லாம் முடியாது என்றால், அதே சர்வீஸ்காரரிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரண்டு நாளைக்கு மாட்டிவிடச் சொல்லுங்கள். அதிலும் அணைந்தால் மதர்போர்டைப் பற்றிப் பேசலாம். மாட்டித்தர மறுப்பவரிடம் ஏழாயிரம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 8 ஜிபி ரேம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டதிலிருந்து நீலத் திரை வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர். படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெயர் மாறிக்கொண்டே இருப்பதுதான் ரேமின் கைரேகை. ஒரே டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். முதலில் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி’ போய், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். திரை அப்படியே நிற்கும், போனில் படம் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் மென்பொருள்) எக்ஸ்.எம்.பி. என்ற, ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் வசதியை ஆன் செய்திருந்தால் அணையுங்கள். தனித்தனியாக 3200-ல் ஓடும் இரண்டு ரேம்கள், வேறு வேறு கம்பெனியாக இருந்தால், சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. அதற்கும் மசியவில்லை என்றால் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளை பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு எரர் இருந்தாலும் அது தோல்விதான். ‘ஒண்ணுதானே’ என்று விடாதீர்கள். ஒவ்வொரு ரேமையும் தனியாக, அதே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பழையது பாஸ், புதியது ஃபெயில் என்றால் பில்லோடு கடைக்குப் போங்கள். இரண்டுமே ஃபெயில் என்றால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள்.

ரேமின் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்க்கும் நம் ஊர் வைத்தியம் தப்பில்லை. பென்சில் ரப்பராக இருக்கவேண்டும், மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் பூச்சையே உரித்துவிடும். தூளை போர்டு மேல் ஊதாதீர்கள்.

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்காக 2023-ல் இன்டெல் 13-ஆம் தலைமுறை ஐ9 போட்டு அசெம்பிள் செய்தேன். ஒரு வருடம் அருமையாக ஓடியது. இப்போது கேம் திறந்தால் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று மூடிக்கொள்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு 16 ஜிபி!
– வாசகர், கோவை

பதில்: கார்டைத் திட்டாதீர்கள், ப்ராசஸரைப் பாருங்கள். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில், அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் நிலைத்தன்மை கெடுகிறது என்று 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஷேடர்களை, அதாவது காட்சியை வரையும் சின்ன நிரல்களை, விரித்தெடுக்கும் கட்டத்தில் ப்ராசஸர் தடுமாற, கேம் அதை வீடியோ மெமரிக் குறை என்று தப்பாகச் சொல்லும். பெரிய ஜிப் கோப்புகள் பிரியாமல் எரர் காட்டுவதும் இதே வகை.

மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதிய பயாஸைப் போடுங்கள், இன்டெல் கொடுத்த திருத்தம் அதில் வரும். ஆனால் அது மேலும் கெடாமல் தடுக்கத்தான், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். பெட்டியோடு வாங்கியிருந்தால் இன்டெல்லிடமே கேட்கலாம், பெட்டியில்லாமல் உதிரியாக விற்கும் ட்ரே ப்ராசஸர் என்றால் விற்ற கடைக்காரரைப் பிடிக்கவேண்டும். பில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. அவ்வப்போது ஹேங்கும் ஆகிறது. இரண்டும் ஒன்றா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: ஒன்றாகவும் இருக்கலாம். ஷாக் அடிப்பதை முதலில் கவனியுங்கள், ஹேங் காத்திருக்கட்டும். எர்த் இல்லாத பிளக்கில் எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கேபினெட்டை வீட்டு வோல்டேஜில் ஏறக்குறையப் பாதிக்கு ஏற்றி வைக்கும். கரன்ட் குறைவு என்பதால் சுரீரோடு போகிறது. ஆனால் உள்ளே நிஜமாகவே ஒயர் லீக் ஆனாலும் இதே சுரீர்தான், அதை வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் இருந்தால் தூக்கிப் போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். ஓட்டை மட்டும் இருக்கும், ஒயர் இருக்காது. வாடகை வீடுகளில் இது சகஜம். அதுவரை கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல் இருப்பது நல்லது.

கேள்வி: தினமும் காலையில் தேதி பின்னுக்குப் போய்விடுகிறது, எஃப்1 அமுக்கச் சொல்கிறது.
– வாசகர், தேனி

பதில்: போர்டில் இருக்கும் ரூபாய் நாணயம் மாதிரியான பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே. மாட்டியதும் பயாஸில் தேதியைச் சரிசெய்து, எஃப்10 அமுக்கிச் சேமியுங்கள்.