சிரிப்புக்காகக் காத்திருப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய பிரிட்டிஷ் சிட்காம்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ பார்க்க உட்கார்ந்தேன். மூன்றாவது எபிசோடின் பாதியில் நிறுத்திவிட்டேன். வசனத்துக்கு வசனம் பின்னாலிருந்து யாரோ சிரிக்கிறார்கள். ‘இங்கே சிரி’ என்று தலையில் குட்டிச் சொல்வதுபோல் இருக்கிறது. இன்னொரு எபிசோடில் நடுரோட்டுக் காட்சி ஒன்றை யூடியூபில் பார்த்தேன். அதிலும் சிரிப்பு. நடுரோட்டில் யார் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்? வீட்டுக்குள் படம் பளிச்சென்று இருக்கிறது, வாசலைத் தாண்டினால் மங்கிவிடுகிறது. போதாததற்கு, ஆங்கிலம் தெரியாத பாவத்துக்கு அந்த ஸ்பானிய வெயிட்டரைப் போட்டு அடிக்கிறார்கள். என் அப்பாவுக்கு ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்றால் உயிர். எனக்கு அதுவும் ஒட்டவில்லை. இவற்றை எப்படிப் பார்ப்பது? எதிலிருந்து தொடங்குவது?

ச.

அன்புள்ள ச.,

உங்களை விரட்டிய சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன். அது பதிவுசெய்து வைத்து வேண்டிய இடத்தில் ஒட்டிய சிரிப்பு இல்லை. எதிரில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சிரித்தது.

எழுபதுகளில் ஒரு பிபிசி சிட்காமின் வாரம் ஏறக்குறைய இப்படிப் போகும். லண்டனில் ஆக்டன் என்ற இடத்தில் பிபிசிக்கு ஒத்திகைக் கட்டடம் ஒன்று இருந்தது. அங்கே நாலைந்து நாள் ஒத்திகை. செட் கிடையாது, தரையில் டேப் ஒட்டிச் சுவரையும் கதவையும் மாடிப்படியையும் குறித்திருப்பார்கள். பதிவு நாளன்று டெலிவிஷன் சென்டர் ஸ்டூடியோவில் நிஜ செட், பகல் முழுக்கக் கேமராக்களோடு ஒத்திகை. மாலையில் முந்நூறு பேர் வரை பார்வையாளர்கள் வந்து உட்காருவார்கள். முதலில் ஒரு நகைச்சுவைக்காரர் வந்து பேசி அவர்களைச் சூடேற்றிவிட்டுப் போவார். பிறகு சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் அரைமணி நேர நாடகத்தை எடுத்து முடித்தாக வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் தொங்கும் மைக்குகள் சிரிப்பைப் பிடிக்கும். காட்சி பிசகினால் திரும்ப எடுக்கலாம். ஆனால் அதே ஜோக்குக்கு இரண்டாம் முறை அதே சிரிப்பு வராது. அதனால்தான் சின்னத் தடுமாற்றம் இருந்தாலும் முதல் டேக்கையே வைத்துக்கொண்ட இடங்கள் உண்டு.

வெளிக்காட்சிகளின் கதை வேறு. ஸ்டூடியோ வீடியோ கேமராவை அன்று தெருவுக்கு எடுத்துப்போவது பெரும்பாடு. ஆகவே வெளியே நடப்பவற்றைச் சில வாரங்கள் முன்னதாகவே 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்துவிடுவார்கள். வீடியோ நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும், ஃபிலிமில் நொடிக்கு 25 படம்தான். நீங்கள் சொன்ன மங்கல், துகள், அசைவில் தெரியும் மாற்றம் எல்லாம் இதனால் வருபவை. பதிவு நாள் மாலையில் கதையின் வரிசைப்படி அந்த ஃபிலிம் துண்டுகளைக் கூட்டத்துக்கு மானிட்டரில் போட்டுக் காட்டுவார்கள். அவர்கள் அங்கே சிரித்ததுதான் உங்களுக்கு நடுரோட்டில் கேட்கிறது.

ஒட்டவைத்த சிரிப்பின் மேல் பிரிட்டனிலேயே பலருக்கு ஒவ்வாமை உண்டு. அமெரிக்கத் தொடரான ‘மேஷ்’ பிபிசியில் வந்தபோது அதன் சிரிப்புத் தடத்தை எடுத்துவிட்டுத்தான் ஒளிபரப்பினார்கள்.

எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதால் நடிப்பே மாறிவிடுகிறது. மேடை நாடகம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். சிரிப்பு எழும்போது அடுத்த வசனத்தைச் சொன்னால் அது முழுகிவிடும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி செத்துவிடும். உச்சத்தைத் தாண்டிச் சிரிப்பு இறங்கத் தொடங்கும் நொடியில் வாயைத் திறக்க வேண்டும். அதுவரை கதாபாத்திரமாகவே எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், சிரிப்புக்காக நிற்பதாகத் தெரியவே கூடாது.

‘டாட்ஸ் ஆர்மி’யில் 1973இல் வந்த ‘தி டெட்லி அட்டாச்மென்ட்’ எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலம். தள்ளாத கிழவர்களும் பொடியன்களுமாக ஒரு ஊர்க்காவல் படை. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்காரர்களை ஒரு ராத்திரி காவல் காக்க வேண்டும். ஜெர்மானியக் கேப்டனாக ஃபிலிப் மேடக். போரில் வென்றபின் கணக்குத் தீர்க்க, தன்னை அவமதிப்பவர் பெயரையெல்லாம் குறித்துக்கொள்கிறார். படையின் பொடியன் பைக், ஹிட்லரைக் கேலி செய்து பாடுகிறான். ‘உன் பெயரும் பட்டியலில் ஏறும், என்ன பெயர்?’ என்கிறார் கேப்டன். படைத்தலைவர் மேன்வாரிங் குறுக்கே பாய்ந்து அதிகாரமாகச் சொல்கிறார்: ‘அவனிடம் சொல்லாதே, பைக்!’

(தமிழில் எழுதினால் பையன் இருசக்கர வாகனமாகிவிடுகிறான். அதற்கு நான் பொறுப்பில்லை.)

இதில் மேன்வாரிங்காக நடிக்கும் ஆர்தர் லோ ஜோக் சொல்லவே இல்லை. ஒரு சிப்பாயைக் காப்பாற்றும் தளபதியின் முழு மிடுக்கோடு ஒரு கட்டளையிடுகிறார், அவ்வளவுதான். ஜோக் என்று தெரிந்து சொல்லியிருந்தால் பாதிச் சிரிப்புதான் வந்திருக்கும். எதிரில் மேடக்குக்கு எழுதும் வேலை இருக்கிறது. கூட்டத்தின் சிரிப்பு ஓய எடுக்கும் நேரத்தில் அவர் பெயரைக் குறித்துக்கொள்கிறார். எழுத்தாளர்கள் ஜிம்மி பெர்ரியும் டேவிட் க்ராஃப்டும் நோட்டுப்புத்தகத்தை அவர் கையில் கொடுத்ததன் பலன் அந்த இடத்தில் தெரியும்.

இந்தத் தொடரின் நடிகர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1968 முதல் 1977 வரை 80 எபிசோடுகள். படையின் முதுகிழவர் ஜோன்ஸாக நடித்த க்ளைவ் டன்னுக்குத் தொடர் தொடங்கும்போது வயது 48. சாதுவான காட்ஃப்ரேயாக வரும் ஆர்னல்ட் ரிட்லிக்கு நிஜமாகவே 72. கதையில் காட்ஃப்ரே முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்தவர். நிஜ ரிட்லியோ அதே போரில் சோம் களத்தில் படுகாயம் பட்டவர். சார்ஜென்ட் வில்சனாக ஜான் லெ மெஷரியர் செய்வது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. புருவம் கொஞ்சம் ஏறும், ஒரு பெருமூச்சு, ‘இது புத்திசாலித்தனம்தானா சார்?’ என்று மெல்ல ஒரு கேள்வி. உயர்குடி மனிதர் சார்ஜென்ட், கீழ்நடுத்தர வங்கி மேலாளர் அவருக்குத் தலைவர் என்று வழக்கமான அடுக்கைத் தலைகீழாக்கியதுதான் ஒன்பது சீரிஸையும் தாங்கி நிற்கிறது.

ஃபிலிம் காட்சிகளில் நடிகருக்கு இந்த வசதி கிடையாது. சிரிக்க எதிரில் ஆளில்லை, எவ்வளவு இடைவெளி விடுவது என்று ஊகிக்க வேண்டும். நீங்கள் யூடியூபில் பார்த்தது ‘கோர்மே நைட்’டில் ஹோட்டல் முதலாளி பேசில் ஃபால்ட்டி காரை அடிக்கும் காட்சியாகத்தான் இருக்கும். மறுபடி ஓட்டிப் பாருங்கள். கார் கிளம்பவில்லை. திட்டுகிறார், எச்சரிக்கிறார், மூன்று எண்ணுகிறார். பிறகு திரையை விட்டே ஓடிவிடுகிறார். கேமரா அவர் பின்னால் போகவில்லை, சிவப்பு ஆஸ்டின் மட்டும் தனியே நிற்கிறது. சிரிப்புக்கு ஒதுக்கிய இடம் அந்த வெறும் கார்தான். அப்புறம் மரக்கிளையோடு திரும்பி வந்து விளாசுகிறார். கிளை விறைப்பாக இருந்தால் அது வன்முறை, துவண்டு தொங்கினால் அடியே விழாது. பொருத்தமாக வளையும் கிளைக்காக, பேசிலாக நடித்த ஜான் கிளீஸ் பலதை வீசிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்.

அந்தத் தொடர் மொத்தமே 12 எபிசோடுகள்: 1975இல் ஆறு, 1979இல் ஆறு. கிளீஸும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதியது. வழக்கமான அரைமணி சிட்காமின் பிரதி 65 பக்கம் என்றால் இவர்களுடையது 130ஐத் தாண்டும். உங்களுக்கு மூச்சு முட்டியிருந்தால் காரணம் இதுவும்தான்.

அந்த ஸ்பானிய வெயிட்டர் மானுவலுக்கு வருகிறேன். ‘ஆங்கிலம் தெரியாததற்காக அடிக்கிறார்கள்’ என்பதை நான் முழுக்க ஏற்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறார் என்று வேலைக்கு வைத்துக்கொண்டு, எனக்கு ஸ்பானிஷ் தெரியுமாக்கும் என்று பீற்றிக்கொண்டு, உளறுகிறவர் பேசில்தான். மானுவல் கேட்டதை அக்கறையாகத் தவறாகச் செய்கிறார். அசடாகிறவர் முதலாளி. நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பானியர் இல்லை, பெர்லினில் பிறந்து 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. அடி விஷயத்தில் மட்டும் உங்கள் சங்கடத்துக்கு நியாயம் உண்டு. நீங்கள் பாதியில் நிறுத்திய அதே மூன்றாவது எபிசோடில் சாக்ஸ் தலையில் விழும் வாணலி நிஜமானது, அவருக்கு நன்றாகவே வலித்தது. ‘தி ஜெர்மன்ஸ்’ எபிசோடில் சட்டையில் புகை வரவழைக்கப் பூசிய ரசாயனம் அவர் தோலைச் சுட்டுவிட்டது.

‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ பற்றி உங்கள் பக்கம்தான் நானும். வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்கும் வகுப்புதான் கதை; பேச்சில் தடுக்கி விழுவது ஒன்றையே வாரா வாரம் சிரிப்பாக்கினார்கள், பாத்திரங்கள் நாடுகளின் பெயர்ப்பலகையாகவே நின்றுவிட்டன. ஒளிபரப்பிய எல்டபிள்யூடி நிறுவனத்தின் மைக்கேல் கிரேடே அது புண்படுத்துகிறது என்று 1979இல் நிறுத்தினார். ஆனாலும் உங்கள் அப்பா தப்பாகச் சிரிக்கவில்லை. ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். அவருடைய ‘ஆயிரம் மன்னிப்புகள்’ வரும் நொடியைக் கவனியுங்கள். ஒரே வசனம்தான், ஒவ்வொரு முறையும் தாளம் மாறும். பேரி எவன்ஸ் ஆசிரியராகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தின் மேல்தான் மொத்த வகுப்பும் ஓடுகிறது. எழுத்து சுமார், நடிகர்கள் சுமார் இல்லை.

விழுவது என்றால் டேவிட் ஜேசன். ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’, 1989 ஜனவரியில் வந்த ‘யப்பி லவ்’. ஒயின் பாரில் டெல் பாயாக அவர் கவுன்டரில் சாய்ந்து நின்று இரண்டு பெண்களைப் பார்த்து அலட்டுகிறார். கொஞ்சம் முன்னால் நகரும்போது ஊழியர் கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டுப் போகிறார். டெல் பழையபடி சாய்கிறார், பலகை இல்லை. ஒருவர் இப்படித் தடுமாறிச் சமாளித்ததை எழுத்தாளர் ஜான் சல்லிவன் நிஜத்திலேயே பார்த்திருந்தார். ஜேசன்தான் சமாளிக்கவே வேண்டாம், முழுசாக விழலாம் என்றார். விழும்போது எவருக்கும் கை நீளும், கால் நகரும், கண் அந்தப் பக்கம் திரும்பும். இவரிடம் மூன்றும் இல்லை. கீழே மெத்தை உண்டு, ஆனால் அதை நோக்கி ஒரு கண்ணசைவுகூடக் கிடையாது. வெட்டிய மரம்போல் பக்கவாட்டில் போகிறார். சிரிப்பை இன்னும் நீட்டுகிறவர் கூட நிற்கும் நண்பர் ட்ரிகராக வரும் ரோஜர் லாய்ட் பேக். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

‘யெஸ் மினிஸ்டர்’ இதற்கு நேர் எதிர், எல்லாமே வாயில்தான். மந்திரியின் துறைச் செயலாளர் ஹம்ஃப்ரியாக நைஜல் ஹாதோர்ன் ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியம் முடியும்வரை கூட்டம் அசையாது, முடிந்ததும் கைதட்டும். அந்தக் கைதட்டல் நேரத்தில் பால் எடிங்டனைப் பாருங்கள். புரிந்ததுபோல் காட்டிக்கொள்ள முயலும் மந்திரியின் முகம்.

நடைமுறைக்கு வருவோம். ஒரே மூச்சில் நாலு எபிசோடு பார்க்காதீர்கள், இவை வாரத்துக்கு ஒன்றாக வந்தவை, அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே சூத்திரம் பல்லிளித்துவிடும். ‘டெட்லி அட்டாச்மென்ட்’டில் தொடங்குங்கள். ‘டாட்ஸ் ஆர்மி’யின் இரண்டாவது சீரிஸில் மூன்று எபிசோடுகளைத் தேடி அலைய வேண்டாம். அன்று டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்துவார்கள், அப்படிப் போனவை அவை. அடுத்தது ‘ஒன்லி ஃபூல்’ஸில் ‘எ டச் ஆஃப் கிளாஸ்’. சரவிளக்கு விழுந்தபின் டெல்லும் தம்பியும் துணியைப் பிடித்தபடியே நிற்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ‘யெஸ் மினிஸ்டரை’ சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், ஆனால் ஹம்ஃப்ரி பேசும்போது எழுத்தைப் படித்து முடித்துவிட்டால் ஜோக் முன்னாலேயே கசிந்துவிடும், கண்ணை முகத்திலேயே வையுங்கள்.

பிறகு ‘ஃபால்ட்டி டவர்ஸு’க்குத் திரும்புங்கள், 1979இன் முதல் எபிசோடான ‘கம்யூனிகேஷன் ப்ராப்ளம்ஸு’க்கு. ஜோன் சாண்டர்சன் நடிக்கும் மிஸஸ் ரிச்சர்ட்ஸுக்குக் காது மந்தம், பேட்டரி தீர்ந்துவிடும் என்று செவிக்கருவியை அணைத்தே வைத்திருப்பவர். பேசில் அவர் எதிரில் நின்று ஓசையே இல்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறார். அம்மாள் கருவியின் ஒலியைக் கூட்டுகிறார். அடுத்து என்ன வரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த இடத்தில் நடிகர்கள் இருவரும் வாயால் ஒரு சத்தமும் எழுப்புவதில்லை, கேட்பது அந்த முந்நூறு பேரின் சிரிப்பு மட்டும்தான்.