லாரி ஓட்ட வர்றவங்க கேட்டதும் நான் சொன்னதும்

22 வருஷமா கனரக வண்டி ஓட்டுறேன். முதல்ல சரக்கு லாரி, நடுவுல கொஞ்ச காலம் டேங்கர், இப்போ டிரெய்லர். புதுசா இந்த வேலைக்கு வர நினைக்கிறவங்க கேட்டதுக்கு, என் அனுபவத்துல தெரிஞ்சதைச் சொல்றேன்.

அண்ணே, அஞ்சு வருஷமா கார் ஓட்டுறேன். லாரி கைக்கு வர எவ்வளவு நாள் ஆகும்?

ஸ்டியரிங்கும் கியரும் சில வாரத்துல வந்துடும் தம்பி. லேசுல வராதது தூரக் கணக்கு. 80 கி.மீ. வேகத்துல வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுது. முன்னாடி ஏதோ தெரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள ஒன்றரை நொடின்னு வைங்க, 33 மீட்டர் போயாச்சு. இது ஏர் பிரேக். காற்று குழாய் வழியா ஓடி சக்கரத்தைப் பிடிக்க இன்னும் அரை நொடி ஆகும், அதுல 11 மீட்டர். ஆக 44 மீட்டர் தாண்டின பிறகுதான் வேகமே குறைய ஆரம்பிக்கும். கார்ல போற மாதிரி முன்வண்டி வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இன்னொண்ணு. காலி வண்டி சட்டுனு நிக்கும்னு நம்பிடாதீங்க. பிரேக்கும் ஸ்பிரிங்கும் பாரத்துக்குன்னு செஞ்சது. காலியா இருந்தா சக்கரம் துள்ளும், ஈரத்துல பூட்டிக்கிட்டு வழுக்கும்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

காத்திருக்கிறதுதான் பெரும்பாலும். லோடு ஏத்த, இறக்க, எடை போட, சீட்டு வாங்க. ரோட்டுல ஓடுற நேரத்தை விட கிடங்கு வாசல்ல நிக்கிற நேரம் அதிகமா இருக்கிற நாளும் உண்டு. சும்மா உட்கார முடியாதவங்க இந்த வேலைக்கு வந்து ரொம்பக் கஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கேன்.

வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வரணும். டயரை ஒவ்வொண்ணாத் தட்டிப் பாருங்க. ஜோடி டயர்ல உள்பக்கத்து டயர் காத்து இறங்கியிருந்தா வெளியில தெரியாது, தட்டுற சத்தம்தான் காட்டிக் கொடுக்கும். ரெண்டுக்கும் நடுவுல கல்லு மாட்டியிருக்கான்னு பாருங்க. ஏர் டேங்க்ல தண்ணி சேர்ந்திருந்தா திறந்து விடுங்க. காற்றழுத்தம் முழுசா ஏறாம வண்டியை அசைக்காதீங்க. பல வண்டிகள்ல 60 பிஎஸ்ஐ பக்கம் இறங்கினா மணி அடிக்கும் இல்ல விளக்கு எரியும். ஓடும்போது அப்படி ஆனா ஓரங்கட்டிட வேண்டியதுதான், அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்னு நினைக்கக்கூடாது.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிறதுதான் பயமா இருக்கு.

எல்லாருக்கும் அதுதான். வால் இடப்பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பணும், மூளை ஒத்துக்காது. ஒரு வழி சொல்றேன்: ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்குங்க. கை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே வால் போகும். கொஞ்சமா திருப்புங்க, வால் திரும்ப ஆரம்பிச்சதும் உடனே நேராக்க ஆரம்பிங்க. கோணம் கெட்டுப்போனா முன்னாடி எடுத்து மறுபடி வாங்க. யாராவது சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

முதல் வருஷம் ஒரு கிடங்குல பின்னாடி நின்ன பையன் "வா வா வா"ன்னு கை காட்டினான், நானும் வந்தேன். அவன் சக்கரத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான். மேல இருந்த தகரக் கூரையை அவனும் பார்க்கல, நானும் பார்க்கல. தார்ப்பாயோட சேர்த்துக் கூரையும் கிழிஞ்சது. அந்த மாசச் சம்பளத்துல பாதி போச்சு. இப்போ யாரு கை காட்டினாலும் முதல்ல இறங்கி, தலையை மேல தூக்கி ஒரு தடவை பார்த்துட்டுத்தான் ஏறுவேன்.

மலைப்பாதை இறக்கம்?

இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடுங்க. பாதி இறக்கத்துல மாத்தப் போனா கியர் விழாம நியூட்ரல்ல ஓடுற அபாயம் இருக்கு. எஞ்சின் பிடிக்கட்டும், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போற வழியை அடைச்சு எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கிறது) இருந்தா அதுவும் வேலை செய்யட்டும். கால் பிரேக்கை அழுத்திக்கிட்டே இறங்கினா சக்கரத்தோட சுத்துற பிரேக் டிரம் சூடேறி விரியும், அதை உரசிப் பிடிக்கிற லைனிங்கோட பிடிப்பு போயிடும். வேகம் ஏறினதும் ஒரு அழுத்து அழுத்தி எட்டுப் பத்து கிலோமீட்டர் குறைச்சு, காலை எடுத்துடுங்க. கருகின வாசம் வந்துட்டா இடம் பார்த்து நிறுத்துங்க. சூட்டுல தண்ணி ஊத்தாதீங்க, டிரம் வெடிச்சுடும்.

எங்க வீட்டுக்காரர் இந்த வேலைக்குப் போறேங்கிறார். ராத்திரித் தூக்கத்தை நினைச்சாத்தான் பயமா இருக்குண்ணா.

பயப்பட வேண்டிய விஷயம்தாம்மா. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிறவங்களோட செயல்திறன், ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்கிறவங்க அளவுக்குக் குறையுதுன்னு 1997ல வந்த ஆய்வு சொல்லுது. ராத்திரி 2 மணியிலேர்ந்து விடியற வரைக்கும் உடம்பு தூக்கத்துக்குத்தான் இழுக்கும். கண்ணு மூணு நொடி செருகினா 80 கி.மீ. வேகத்துல 66 மீட்டர் வண்டி ஆளில்லாமப் போன மாதிரிதான். ஜன்னலைத் திறக்கிறது, பாட்டைச் சத்தமா வைக்கிறது எதுவும் தூக்கத்துக்கு மருந்தில்ல. நிறுத்தி 20 நிமிஷம் படுக்கணும், எழுந்த உடனே ஓட்டாம கொஞ்சம் நடக்கணும்.

ஐரோப்பிய ஒன்றியத்துல நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம். அமெரிக்காவுல சரக்கு வண்டிக்கு 10 மணி நேர ஓய்வுக்கு அப்புறம் அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். உங்க ஊர்ல என்ன விதின்னு அவர் சேர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கச் சொல்லுங்க. "எப்படியும் காலைக்குள்ள வந்துடணும்"னு சொல்ற முதலாளி வேண்டாம். நீங்களும் "எங்க இருக்கீங்க"ன்னு ஓட்டும்போது போன் பண்ணாதீங்க, நின்னதும் அவர் பண்ணட்டும்.

சம்பளம் எப்படி?

இடத்துக்கு இடம் மாறும். ஆனா கேட்க வேண்டியது ஒண்ணுதான்: மாசச் சம்பளமா, டிரிப்புக்கா, கிலோமீட்டருக்கா? டிரிப்புக்குன்னா காத்திருக்கிற நாளுக்குக் காசு உண்டா? டயர் வெடிச்சா, அபராதம் விழுந்தா, சரக்கு சேதமானா யார் தலையில? எழுத்துல வாங்கிக்குங்க. நான் வாங்கல, கூரைக் கதைதான் மேல சொன்னேனே.

பெண்கள் ஓட்டலாமா?

தாராளமா. பவர் ஸ்டியரிங் வந்த பிறகு ஓட்டுறதுக்குப் புஜபலம் தேவையில்ல. தார்ப்பாய் இழுத்துக் கட்டுறது கனமான வேலை, அது ஆம்பளைக்கும் கனம்தான். உண்மையான சிக்கல் கழிப்பறையும், ராத்திரி நிறுத்த நம்பகமான இடமும். அதனால ராத்திரி வீடு திரும்புற குறுகிய தூர ஓட்டத்துல ஆரம்பிக்கச் சொல்வேன்.

நேரா டேங்கருக்குப் போகலாமா? காசு கூட வருதாமே.

வேண்டாம். அரைகுறையா நிரம்பின டேங்கர்ல பிரேக் போட்டா, உள்ள இருக்கிறது அலையா முன்னாடி ஓடி வண்டியைத் தள்ளும். நின்ன வண்டியே ஒரு அடி நகர்றதைப் பார்த்திருக்கேன். வளைவுல பக்கவாட்டுல சாயும், கவிழ்றதுக்கு அது போதும். பால் மாதிரி உணவுப் பொருள் டேங்கர்ல உள்ள கழுவ வசதியா தடுப்பு இல்லாம விட்டிருப்பாங்க, அதுல அலை இன்னும் பலமா வரும். ரெண்டு வருஷம் சாதா லோடு ஓட்டிட்டு வாங்க.

நாளைக்கு முதல் டிரிப். என்ன எடுத்துட்டுப் போகணும்?

லைசென்ஸ், வண்டிக் காகிதம், கையுறை, சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கி, தண்ணி, மாத்துத் துணி, போர்வை. கேபின்லேர்ந்து குதிக்காம, கம்பியைப் பிடிச்சு வண்டியைப் பார்த்தபடி இறங்குங்க, முழங்கால் பின்னாடி நன்றி சொல்லும். அப்புறம் டார்ச் ரெண்டு. ஒண்ணு எப்படியும் தேவைப்படுற நேரத்துல சீட்டுக்கு அடியில உருண்டு போயிருக்கும், அதைத் தேட இன்னொண்ணு.