'தி ஃபால்கன் அண்ட் தி ஸ்னோமேன்' படத்தில் எவ்வளவு நிஜம்? பயிற்சியே இல்லாத இரண்டு இளைஞர்கள் எப்படி உளவாளிகள் ஆனார்கள்?

படம் பார்க்காதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. 1985 ஜனவரியில் வெளிவந்த அமெரிக்கப் படம் இது. இயக்கியவர் ஜான் ஷ்லெசிங்கர். கலிஃபோர்னியாவில் வசதியான குடும்பங்களில் வளர்ந்த இரண்டு பால்ய நண்பர்களில் ஒருவன் ரகசியத் தகவல் தொடர்பு அறையில் குமாஸ்தா, இன்னொருவன் போதைப்பொருள் வியாபாரி. இருவரும் சேர்ந்து அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் ரகசியங்களை மெக்சிகோ நகரத்தில் இருந்த சோவியத் தூதரகத்துக்கு விற்கிறார்கள்.

இருவருமே நிஜ மனிதர்கள். டிமோதி ஹட்டன் நடித்த பாத்திரம் கிறிஸ்டோபர் பாய்ஸ், ஷான் பென் நடித்தது ஆண்ட்ரூ டால்டன் லீ. பாய்ஸ் வல்லூறு வளர்த்துப் பழக்குகிறவர், அதனால் 'ஃபால்கன்'. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'பனி' என்றால் கொக்கைன், அதனால் லீ 'ஸ்னோமேன்'.

சம்பவங்களில் பெரும்பகுதி நடந்தவைதான். ஏன் நடந்தது என்ற இடத்தில்தான் படத்தை அப்படியே நம்பக் கூடாது. வாட்டர்கேட் ஊழல், வியட்நாம் போர், சிஐஏ மீதான கசப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல பையனை உளவாளி ஆக்கியது என்கிறது படம். அதிபர் நிக்சன் பதவி விலகியது 1974 ஆகஸ்ட், தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது 1975 ஏப்ரல். அந்த மாதங்களில் தன் நாட்டின் மீது நம்பிக்கை இழந்த அமெரிக்க இளைஞர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அவர்கள் எவரும் தூதரக வாசலுக்குப் போகவில்லை. பாய்ஸை அவர்களிடமிருந்து பிரித்தது அவர் வேலை பார்த்த அறை. அதனால் அந்த அறையைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் அருகே ரெடோண்டோ பீச்சில் செயற்கைக்கோள் கட்டும் டிஆர்டபிள்யூ என்ற நிறுவனம் இருந்தது. (படத்தில் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.) பாய்ஸின் அப்பா முன்னாள் எஃப்பிஐ அதிகாரி, ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருடைய பழக்கத்தில்தான் மகனுக்கு 1974-ல் அங்கே வேலை கிடைத்தது. வயது 21, வாரச் சம்பளம் 140 டாலர். சில மாதங்களுக்குள் உச்ச ரகசிய அனுமதியும் வந்து, 'பிளாக் வால்ட்' என்று அழைக்கப்பட்ட அறைக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். பின்னணி விசாரணை நடக்காமல் இல்லை. அப்பாவைத் தெரிந்த பெரியவர்களைப் போய் விசாரித்தார்கள். பையனோடு சுற்றிய நண்பர்களிடம் கேட்கவில்லை. ஒரே ஒரு நண்பனிடம் கேட்டிருந்தாலும் அவர் என்ன மனநிலையில் இருந்தார், என்ன போதை எடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்திருக்கும்.

அந்த அறை வழியாக நிறுவனம், சிஐஏ தலைமையகம், ஆஸ்திரேலியாவின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே இருக்கும் பைன் கேப் தரைநிலையம் ஆகியவற்றுக்கு இடையிலான செய்திகள் போய் வந்தன. பெரும்பாலும் 'ரயோலைட்' என்ற செயற்கைக்கோள்கள் சம்பந்தப்பட்டவை. இவை ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து ஒரே பகுதிக்கு மேலேயே நிற்பவை. இவை படம் எடுப்பவை அல்ல, ஒட்டுக்கேட்பவை. சோவியத் ஏவுகணையைச் சோதிக்கும்போது எரிபொருள் அழுத்தம், வேகம், முடுக்கம் போன்ற அளவுகளை அது ரேடியோவில் தரைக்கு அனுப்பிக்கொண்டே போகும். அதைப் பிடித்தால் ஏவுகணையின் திறனைக் கணக்கிடலாம். மைக்ரோவேவ் தொலைபேசி இணைப்புகளும் அப்படித்தான். கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு நேர்கோட்டில் போகும் கதிர் அடுத்த கோபுரத்தோடு நிற்காது, பூமி வளைந்துகொள்ள கதிர் மட்டும் நேராக விண்வெளிக்குப் போகும். அங்கே காத்திருப்பதுதான் ரயோலைட்டின் வேலை. எதிராளிக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அளவுகளைச் சங்கேதமாக்கி அனுப்பிவிடுவான், அத்தனை கோடி செலவும் வீண். லீயின் கையில் போன தகவலின் மதிப்பு இதுதான். படம் இதை விளக்குவதில்லை. அதனால் 'சில தாள்களுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது.

தாள்களைவிட முக்கியம் சங்கேதச் சாவிகள். செய்தியைப் பூட்டும் இயந்திரத்துக்கு ஒவ்வொரு நாளும் புதிய அமைப்பு உண்டு. அன்றைக்கான சாவியைப் பொருத்தினால்தான் மறுமுனையில் செய்தி பிரியும். பாய்ஸ் படம் எடுத்தவற்றில் இந்தச் சாவி அட்டைகளும் இருந்தன. பழைய தேதி அட்டையால் என்ன பயன் என்று பலர் கேட்கிறார்கள். எதிராளி வானத்தில் வந்த சங்கேதச் செய்திகளைப் பதிவு செய்து வைத்திருப்பான், சாவி ஒரு வருடம் கழித்துக் கிடைத்தாலும் அன்றைய செய்தியைத் திறந்து படிக்கலாம். இதற்கு இயந்திரமும் வேண்டும். அந்த அறையில் இருந்தவற்றில் ஒன்று கேடபிள்யூ-7 வகை. 1968 ஜனவரியில் வட கொரியா கைப்பற்றிய 'பியூப்ளோ' என்ற அமெரிக்கக் கப்பலில் அதே வகை இயந்திரங்கள் இருந்தன. அவை சோவியத் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. எனவே இந்த அறையின் செய்திகளைத் திறக்க சோவியத் தரப்புக்குக் குறைவாக இருந்தது சாவி மட்டுமே.

படம் எடுக்கப் பயன்பட்டது மினாக்ஸ் கேமரா. சினிமாவில் உளவாளி தாளைப் பரப்பி, கையில் பிடித்தபடி டக் டக்கென்று எடுத்துக்கொண்டே போவார். நிஜத்தில் அது அவ்வளவு லேசான வேலை இல்லை. நெகட்டிவ் அளவு 8-க்கு 11 மில்லிமீட்டர். லென்ஸ் 15 மில்லிமீட்டர், ஒளி நுழையும் துவாரம் f/3.5-லேயே நிலையானது, அதைச் சுருக்கி, கூர்மையாகப் பதியும் தூர எல்லையைக் கூட்ட முடியாது. அதனால் பக்கத்தில் வைத்து எடுக்கும்போது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தப்பினாலும் எழுத்து கலங்கிவிடும். இதற்காகவே கேமராவோடு 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சங்கிலி வரும், அதில் 20, 24, 30, 40 சென்டிமீட்டர் இடங்களில் அடையாள மணிகள். கேமராவில் எந்தத் தூரத்தை வைக்கிறோமோ, அதே மணியைத் தாளின் மீது தொட வைத்து எடுக்க வேண்டும். ஒரு முழுக் கடிதத்தாள் சட்டத்துக்குள் அடங்கக் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். 30-க்கு இறங்கினால் ஓரங்கள் போய்விடும். அகலத்தில் தாள் சுமார் 27 மடங்கு சுருங்குகிறது, அதாவது 2 மில்லிமீட்டர் உயர எழுத்து நெகட்டிவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கை நடுக்கம், மங்கிய விளக்கு, பதற்றம் மூன்றும் சேர்ந்தால் சுருளையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்படியென்றால் யார் கண்ணிலும் படாமல் இதையெல்லாம் செய்ய அவருக்கு நேரம் எங்கே கிடைத்தது? இங்கே படம் கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை. அறைக்குள் குடியும் கூத்துமாக ஒரு காட்சி வரும். நம்ப முடியாமல் தோன்றும், ஆனால் நிஜம். 1985-ல் அமெரிக்க செனட் குழுவின் முன் பாய்ஸ் இதை விவரித்தார். ரம் பாட்டில்கள் சங்கேத இயந்திரங்களுக்குப் பின்னால் இருந்தன. ரகசியத் தாள்களை அரைத்து அழிக்க வைத்திருந்த பிளெண்டரில் மதுக் கலவை தயாரித்தார்கள். அறைக்குள் நுழைய அனுமதி உள்ளவர்கள் மிகச் சிலர் என்பதால் மேலதிகாரிகளே வந்து எட்டிப் பார்ப்பது அபூர்வம். வெளியாட்களைத் தடுக்கப் போட்ட கதவு, உள்ளே இருந்தவருக்கு மறைவாக ஆனது. இரண்டாவது முறை பார்க்கும்போது இந்தக் காட்சிகளில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். பாய்ஸ் எதையும் உடைத்துத் திறப்பதில்லை.

இனி ஆஸ்திரேலியா விஷயம். தவறி வந்த சிஐஏ செய்திகளைப் படித்து, நட்பு நாடான ஆஸ்திரேலியாவையே அமெரிக்கா ஏமாற்றுகிறது, அங்குள்ள தொழிற்சங்கங்களுக்குள் கைவைக்கிறது என்று அறிந்து பாய்ஸ் கொதிக்கிறார் என்பது படத்தின் அச்சாணி. அவர் தொடர்ந்து சொல்லிவந்ததும் இதுதான். பலர் இதை எழுதும்போது பிரதமர் கஃப் விட்லம் பதவி நீக்கப்பட்டதோடு முடிச்சுப் போட்டு, அதனால்தான் அவர் உளவாளி ஆனார் என்கிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். லீ முதல் முறையாகத் தூதரகத்துக்குப் போனது 1975 ஏப்ரல். கவர்னர் ஜெனரல் ஜான் கெர் விட்லமை நீக்கியது 1975 நவம்பர் 11. விற்பனை தொடங்கி ஏழு மாதம் கழித்து நடந்தது விற்பனைக்குக் காரணமாக முடியாது. முன்பு படித்த செய்திகள் கோபமூட்டியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

நீதிமன்றத்தில் அவர் வைத்த வாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொள்கைக்காகச் செய்தேன் என்று அவர் அங்கே நிற்கவில்லை. ஆஸ்திரேலியா பற்றி லீயிடம் சொல்லிவிட்டேன், அதை வைத்து லீ மிரட்டினான் என்றார். லீயோ, நான் சிஐஏவுக்காகப் பொய்த் தகவல் கொண்டுபோகிறேன் என்று நம்பினேன் என்றார். இரண்டையும் நடுவர் குழுக்கள் ஏற்கவில்லை. பணம் கைமாறியதும் உண்மை. நம்பிக்கை இழப்பு, பணம், இளமைத் திமிர், நண்பனின் நச்சரிப்பு எல்லாம் கலந்த ஒன்றிலிருந்து படம் ஒரு இழையை மட்டும் உருவி முன்னால் வைக்கிறது.

லீயைப் பொறுத்தவரை படம் மிகச் சரி. ஷான் பென்னின் அந்தச் சிடுசிடுப்பு, பொய்க்கு மேல் பொய், சதா பேரம் எல்லாம் கதைக்கு அவசியமானவை, ஏனென்றால் இருவரும் மாட்டியதே அதனால்தான். ரகசியம் கொண்டுவருகிறவர் தூதரகத்துக்கு நேரில் வரக் கூடாது என்பது சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் பால பாடம். எல்லா நாடுகளும் எதிராளியின் தூதரக வாசலைக் கண்காணிக்கின்றன. அதனால் விளக்குக் கம்பத்தில் அடையாளம் இடுவது, குறித்த உணவகத்தில் சந்திப்பது, அடையாள வாக்கியம் சொல்வது என்று லீக்கும் வழி சொல்லிக் கொடுத்தார்கள். பணம் தேவைப்பட்டபோதெல்லாம் அவர் அதைக் காற்றில் விட்டார். அவர்களுக்கு லீ மீது எரிச்சல், உண்மையில் வேண்டியது பாய்ஸ்தான். 1976-ல் பாய்ஸ் நேரில் போனபோது, கல்லூரிக்குத் திரும்பிப் படி, பிறகு அரசாங்க வேலைக்குள் போ, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். நீண்ட காலத்துக்கு ஆளை வளர்ப்பது என்றால் இதுதான். படத்தில் டேவிட் சூஷே நடித்த சோவியத் அதிகாரியின் பொறுமையையும் அலுப்பையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் அந்தக் காட்சிகளுக்கு வேறொரு கனம் வரும்.

1977 ஜனவரி 6 அன்று லீ தூதரக வளாகத்துக்குள் எதையோ வீசியதைக் கண்டு மெக்சிகோ காவலர்கள் பிடித்தார்கள். உளவு வேலைக்காகப் பிடிக்கவில்லை, பையைத் துழாவியபோதுதான் படச்சுருள் கிடைத்தது. பத்து நாளில் பாய்ஸும் கைதானார். அதற்கு முந்தைய மாதமே வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 1975 முதல் 21 மாதங்கள் எந்தத் தணிக்கையிலும் இவர்கள் சிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்பு அமைப்பு கண்டுபிடிக்காததை வாசலில் நின்ற காவலர் தற்செயலாகக் கண்டுபிடித்தார்.

வழக்கு நடந்த விதம் தனியாகச் சொல்ல வேண்டியது, படம் இதைக் கடந்து போய்விடுகிறது. உளவு வழக்கில் அரசுக்கு ஒரு சிக்கல்: குற்றத்தை நிரூபிக்க ரகசியத்தையே நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். ரயோலைட் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. அதனால் அரசுத் தரப்பு 'பிரமிடர்' என்ற திட்டத்தின் ஆவணங்களை முன்வைத்தது. வெளிநாட்டில் இருக்கும் சிஐஏ முகவர்களோடு செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதற்கான ஆய்வுத் திட்டம் அது, கட்டப்படாமலே கைவிடப்பட்டது. லீயிடம் கிடைத்த சுருளில் இருந்ததும் அதுதான். செத்த திட்டத்தைக் காட்டி, உயிரோடு இருந்ததைக் காப்பாற்றினார்கள். பாய்ஸுக்கு 40 ஆண்டு, லீக்கு ஆயுள் தண்டனை.

படத்தில் வராத பின்கதை: பாய்ஸ் 1980 ஜனவரியில் லோம்போக் சிறையிலிருந்து தப்பினார், வங்கிகளைக் கொள்ளையடித்து வாழ்ந்தார், 1981 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் ஏஞ்சலஸில் பிடிபட்டார். லீ 1998-லும் பாய்ஸ் 2002-லும் வெளியே வந்தார்கள்.

இந்தப் படம் வந்த சில மாதங்களில், 1985 மே மாதம், அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஜான் வாக்கர் கைதானார். அவரும் இதே வகைச் சாவிகளைத்தான் விற்றார், 1967-லிருந்து. நம்பிக்கை இழப்பு, கொள்கை எதுவும் அவருக்குக் கிடையாது, பணம் மட்டும்தான். முதல் முறை தூதரகத்துக்குப் போனதோடு சரி, பிறகு வாஷிங்டன் புறநகர்ச் சாலை ஓரங்களில் பொட்டலம் வைத்து எடுப்பதும் வியன்னாவில் சந்திப்பதுமாக 17 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார். பாய்ஸ், லீ கதையில் மனக்கசப்பு எவ்வளவு, அறையின் கவனக்குறைவு எவ்வளவு என்று அளக்க நினைப்பவர்கள் வாக்கரின் வழக்கைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டிலும் நோக்கம் வேறு, ஆட்கள் வேறு, ஆனால் திருடு போன பொருளும் அது வெளியே போன வழியும் ஒன்றுதான்: சாவியைக் கையாளும் ஊழியரின் பையில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நேரத்தில்.