பழுத்த பிறகுதான் ஃப்ரிட்ஜ்

கேள்வி: ஆச்சி, அம்மா வீட்டிலிருந்து ஒரு கூடை பங்கனபள்ளி மாங்காய் வந்தது. கெட்டுவிடக் கூடாதே என்று அத்தனையையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தால் தோலெல்லாம் கருப்புத் திட்டு. வெளியே வைத்தும் பழுக்கவில்லை, அறுத்தால் சப்பென்று இருக்கிறது. காய் சரியில்லையா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: காயில் குறையில்லை தாயி, குளிர்தான் காரணம். மாவும் வாழையும் வெயிலில் வளர்கிறவை. மாங்காயை 13 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் சரியாகப் பழுக்காது. வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் 4, 5 டிகிரிதான் இருக்கும். மிச்சக் காய்களில் நல்ல பாகத்தை நறுக்கி, வெல்லம் போட்டுப் பச்சடி செய்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டில் ஒரு சாமான் அறை உண்டு. சுவர் தடிமன் என்பதால் சித்திரையிலும் உள்ளே சூடு தெரியாது. மாங்காய் வந்ததும் காம்பில் வடிந்த பாலைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைப்பேன். அப்புறம் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வைப்பேன். அப்பத்தா வைத்த முறை இது. தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, மணம் வந்ததை உடனே எடுத்துவிட வேண்டும். பழுத்த பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். அது பக்கத்துக் காய்களையும் அவசரமாகப் பழுக்க வைத்துவிடும். எடுத்த பழத்தைக் காகிதத்தில் சுற்றி இப்போது ஃப்ரிட்ஜில் வையுங்கள், நாலைந்து நாள் தாங்கும்.

சொந்த மரத்தில் பறிப்பதானால் ஒரு விரற்கடை காம்போடு பறிக்கச் சொல்லுங்கள். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் பீச்சித் தோலைப் பொசுக்கிவிடும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: சென்னையில் இருக்கும் மகளுக்குப் பஸ் பார்சலில் மாம்பழம் அனுப்ப வேண்டும். எப்படிக் கட்டுவது?
- வாசகர், காரைக்குடி

பதில்: பாலிதீன் பை மட்டும் வேண்டாம் தம்பி. ஒரு வருடம் என் மகனுக்கு நல்ல பழமாகப் பார்த்துப் பையில் போட்டு, காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டி அனுப்பினேன். பிரித்ததும் புளித்த வாடை அடித்ததாம். இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. பறித்த பிறகும் பழம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும், அந்தச் சூடும் ஈரமும் வெளியே போக வழி வேண்டும்.

அட்டைப்பெட்டியில் நாலு பக்கமும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போடுங்கள். அடியில் வைக்கோல். பழுத்ததை அனுப்பாமல் செங்காயாகப் பொறுக்கி, தனித்தனியாக அச்சடிக்காத காகிதத்தில் சுற்றி வையுங்கள். இரண்டு அடுக்குக்கு மேல் போனால் அடியில் உள்ளது நசுங்கும். இடம் இருக்கிறதே என்று அதே பெட்டியில் வாழைப்பழச் சீப்பைச் சொருகிவிடாதீர்கள், போய்ச் சேருவதற்குள் எல்லாம் கனிந்துவிடும். ராத்திரி வண்டியில் ஏற்றினால் வெயிலுக்கும் தப்பும்.

கேள்வி: அன்னாசியையும் வைக்கோலில் பழுக்க வைக்கலாமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முடியாது அம்மா. வெட்டிய பிறகு அன்னாசியில் இனிப்பு ஏறாது. கடையிலேயே அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.